கேட்டுக்கு வெளியே போட்ட கையெழுத்து

இப்படித் தள்ளி உக்காருங்க. அந்தப் பக்கம் செத்த நேரத்துல வெயில் வந்துரும். பெஞ்சு ஆடும், பயப்படாதீங்க, விழாது. போன தடவை நான் வந்தப்பவும் இப்படித்தான் ஆடிக்கிட்டு இருந்துச்சு.

நீங்க என்ன, செக்கு கேசுங்களா? ஓ, வரப்புத் தகராறா. கூடப் பொறந்த தம்பியோடயா? அது சீக்கிரம் முடியாதுங்க. வயித்துல புளி கரைக்கறேன்னு நினைக்காதீங்க, பாத்ததைச் சொல்றேன்.

நானா? நான் கட்சிக்காரன் இல்லீங்க. எனக்கு இந்தக் கோர்ட்டுல ஒரு சென்ட் பூமிக்கும் தகராறு கிடையாது. நான் சாட்சி. சென்னியப்பன்னு பேரு, கள்ளிமேட்டுப்புதூர். எங்க ஊர்ல வந்து கேட்டுப் பாருங்க, சென்னியப்பன் பொய் சொல்லி யாராச்சும் கேட்டிருக்காங்களான்னு. ஒருத்தரும் சொல்லமாட்டாங்க. அந்தப் பேருக்காகத்தான் என்னைச் சாட்சியாவே போட்டாங்க. அதுதான் இப்ப வம்பாப் போச்சு.

மச்சான் கூட வந்திருக்கார். எங்க வீட்டுக்காரியோட அண்ணன். டீ குடிக்கப் போயிருக்கார். அவர் வர்றதுக்குள்ள சொல்லிடறேன். அவர் இருந்தா சொல்லவிட மாட்டார்.

இன்னைக்கு ரெண்டாவது தடவையா என்னைக் கூண்டுல ஏத்தறாங்க. ஒரு வார்த்தை பாக்கி இருக்குன்னு கூப்பிட்டிருக்காங்க. ஒரே ஒரு வார்த்தைங்க. அதைச் சொன்னா ஒரு பொம்பளைக்கு வீடு நிக்கும். சொல்லலைன்னா அவ சாமான் செட்டோட தெருவுக்கு வந்துருவா. ஜட்ஜம்மா கண்டிசனாச் சொல்லிட்டாங்களாம், இந்தச் சாட்சிக்கு இன்னைக்கு ஒரு வாய்தாதான், விட்டா அவ்வளவுதான்னு.

முதல்ல இருந்தே சொல்றேன், இல்லாட்டி உங்களுக்குப் புரியாது.

எங்க ஊருக்குக் கிழக்கால ஒரு தெரு இருக்குங்க. பள்ளத்துக்கு அந்தப் பக்கம். அங்க மாரக்காள்னு ஒருத்தி. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில ஆயாவா இருந்து ரிட்டயர்டு ஆனவ. பென்சன் வாங்குனா. அந்தக் காசுல ரெண்டு ரூம்பு வெச்சு, மேல காங்கிரீட் போட்டு ஒரு தார்சு வீடு கட்டுனா. முன்னால காம்பவுண்டு, இரும்பு கேட்டு, கேட்டுக்குப் பச்சைப் பெயின்ட்டு. நல்ல வீடுங்க. வெளிய இருந்து பாத்தாலே தெரியும்.

அவளுக்கு ஒரே பையன், மயில்சாமி. கலாமணின்னு ஒரு பொண்ணைக் கட்டி வெச்சா. அவன் கொஞ்ச நாள் இருந்துட்டு, பனியன் கம்பெனிக்குப் போறேன்னு திருப்பூர் போனவன் அங்கயே வேற ஒருத்தியோட குடித்தனம் ஆயிட்டான். ஆத்தா செத்தாளா பொழைச்சாளான்னு ஒரு போன் கிடையாது. இந்தக் கலாமணி இருக்கா பாருங்க, அவ பொறந்த வீட்டுக்குப் போகாம மாமியாரோடயே இருந்துட்டா. மாரக்காள் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு போனப்ப, தூக்கறது, தொடைக்கறது, ஊட்டறது எல்லாம் இவதான். நான் நேர்ல பாக்கல. கேள்விப்பட்டதுதான். ஆனா அது உண்மை.

அதனால மாரக்காள் உயில் எழுதணும்னு நினைச்சா. வீடு மருமகளுக்குத்தான், பையனுக்கு இல்லைன்னு. நியாயம்தானுங்களே? நான் அன்னைக்கும் நியாயம்னுதான் சொன்னேன், இன்னைக்கும் நியாயம்னுதான் சொல்றேன். அதுல எனக்குக் கருத்து வேறுபாடே கிடையாது.

என்னை எதுக்குக் கூப்பிட்டான்னு கேக்கறீங்களா? அதுக்கு ஒரு பழைய பழக்கம் இருக்கு. எங்கம்மா படுத்த படுக்கையாக் கிடந்தப்ப முதுகெல்லாம் புண்ணாயிப் போச்சு. நாத்தம் தாங்கமுடியல. சொந்தக்காரங்க வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டுப் போயிருவாங்க. மாரக்காள்தான் ஆஸ்பத்திரி வேலை முடிஞ்சு தினமும் வந்து புண்ணைக் கழுவி மருந்து வெச்சுட்டுப் போவா. காசு வாங்கல. "பெரியாத்தாவுக்குச் செய்யறதுக்கு என்ன சாமி காசு"ன்னுட்டா. பின்பக்கமா வருவா, பின்பக்கமாவே போயிருவா. நாங்க அப்படி வரச் சொல்லலீங்க, அவளே அப்படித்தான். டீத்தண்ணி குடிக்க அவளுக்குன்னு ஒரு டம்ளர் வெச்சிருந்தோம். எவர்சில்வர்தானுங்க. நல்ல டம்ளர்.

கடைசியில எங்கம்மா அவ கையால குடுத்தாத்தான் தண்ணியே குடிச்சாங்க. வேற யார் குடுத்தாலும் வாயை இறுக்கி மூடிக்குவாங்க. அதை வெளிய சொல்லவேண்டாம்னு வீட்டுல முடிவு பண்ணினோம். நீங்க வெளியூரு, அதனால சொல்றேன்.

எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாதுங்க. அதுக்குத்தான் இதைச் சொல்றேன்.

அப்படிப்பட்டவ ஆள் விட்டுக் கூப்பிட்டா எப்படிப் போகாம இருக்கறது? கலாமணி வந்து எங்க தோட்டங்காட்டுல நின்னா. "ஐயா, அத்தை உங்க கையெழுத்துத்தான் வேணும்னு சொல்றாங்க. எங்க தெருவுல யார் போட்டாலும் எங்க வீட்டுக்காரர் வந்து பொய்க் கையெழுத்துன்னு சொல்லிருவாராம். சென்னியப்பன் சாமி போட்டா ஒருத்தரும் வாய் திறக்கமுடியாதாம்"னா. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. ஆமாங்க, பொய் சொல்லமாட்டேன், பெருமையாத்தான் இருந்துச்சு.

சித்திரை வெயில். டிவிஎஸ் ஃபிப்டியை எடுத்துக்கிட்டுப் போனேன். கேட்டு முன்னால நிறுத்துனேன். உள்ள தேவசகாயம் வாத்தியார் இருந்தார். அதே தெருதான், ரிட்டயர்டு வாத்தியார். உயிலை அவர்தான் கைப்பட எழுதுனார், முதல் சாட்சியும் அவர்தான். அவர் என்னைச் 'சார்'னுதான் கூப்பிடுவார். ஐயான்னு சொல்லமாட்டார். அதை நான் ஒரு நாளும் பெருசா எடுத்துக்கல.

"சார், வாங்க, உள்ள வாங்க"ன்னார்.

"இருக்கட்டும் வாத்தியாரே. வேலை கிடக்குது. இங்கயே குடுங்க"ன்னேன்.

அவர் ஒரு மாதிரி பாத்தார். அப்புறம் உள்ள போயி, பரீட்சை அட்டை இருக்கு பாருங்க, அதுல கிளிப் போட்டு அந்தப் பேப்பரைக் கொண்டாந்தார். மாரக்காள் ஏற்கனவே கையெழுத்துப் போட்டிருந்தா. கைநாட்டு இல்லீங்க, கையெழுத்து. ஆஸ்பத்திரியில சம்பளம் வாங்கறதுக்குக் கத்துக்கிட்டாளாம். கோணல்மாணலா இருந்துச்சு. நான் வண்டி சீட்டு மேல அட்டையை வெச்சுப் போட்டேன். முழுப் பேரு, அப்பன் பேரு, ஊரு எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வண்டியைத் திருப்பிக்கிட்டு வந்துட்டேன்.

அவ்வளவுதான் நடந்துச்சு. இல்லீங்க, இன்னும் ஒண்ணு இருக்கு. அதை அது வர்ற இடத்துல சொல்றேன்.

மாரக்காள் ஐப்பசியில போயிட்டா. எழவுக்குப் போனேன், பள்ளத்துகிட்ட வரைக்கும். மாலை வாங்கிக் குடுத்து விட்டேன். அடுத்த வருசம் வாத்தியாரும் நெஞ்சுவலியில போயிட்டார். அதுக்குப் பொறவு வந்தான் பாருங்க மயில்சாமி. வெள்ளை வேட்டி, கையில மோதிரம். "எங்கம்மா வீடு, நான் ஒரே வாரிசு, காலி பண்ணு"ன்னு கட்டுன பொண்டாட்டி மேலயே கேசு போட்டுட்டான். உயில்னு ஒண்ணு இருக்குதேன்னா, அது பொய் உயிலுன்னுட்டான்.

உயில்னா பாருங்க, எழுதுனவங்க இருக்கறவரைக்கும் அதைப் பத்திப் பேச்சே இருக்காது. அவங்க போனதுக்கப்புறம்தான் சண்டை வரும். அப்ப எழுதுனவங்களைக் கேக்கமுடியாதில்லீங்களா? அதனால சாட்சியைக் கூப்பிட்டுக் கேக்கறாங்க. வாத்தியாரும் இல்ல. மிச்சம் நான் ஒருத்தன்தான். அந்த வீடு மொத்தமும் என் நாக்கு மேல நிக்குதுன்னு வெச்சுக்குங்களேன்.

கலாமணிக்கு ஒரு வக்கீலம்மா, யமுனான்னு பேரு. சின்ன வயசுதான், ஆனா சூட்டிகையான பொண்ணு. 'மாரக்காள் என் முன்னால கையெழுத்துப் போட்டார், நான் அவர் முன்னால கையெழுத்துப் போட்டேன்'னு டைப் அடிச்சு, கோர்ட்டுல குடுக்கறதுக்கு ஒரு பேப்பர் கொண்டாந்து குடுத்தாங்க. படிச்சுப் பாத்துப் போடுங்கன்னுதான் சொன்னாங்க. நான் கண்ணாடி எடுத்துட்டு வரல. போட்டுட்டேன்.

அப்புறம் கூண்டுல ஏத்துனாங்க. அந்தப் பக்கத்து வக்கீல் எந்திரிச்சார். ரங்கராஜ்னு பெரிய வக்கீல். நான் என்னமோ மிரட்டுவார், கத்துவார்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். சினிமாவுல அப்படித்தானுங்களே? அவர் கையைக் கூப்பிக் கும்பிட்டார். "ஐயா, ஊருக்குள்ள ரொம்ப மரியாதையான குடும்பம்னு கேள்விப்பட்டேன்"னார்.

"ஏதோ பெரியவங்க ஆசீர்வாதமுங்க"ன்னேன்.

"கோவில் கமிட்டியில நீங்கதான் தலைவராமே?"

"ஆமாங்க. பத்துப் பன்னெண்டு வருசமா."

"அந்தக் கிழக்குத் தெருவுக்கு ஐயா போறது உண்டுங்களா?"

"போவேனுங்க. எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் இல்லீங்க. ஓட்டு சமயத்துல போவேன், காட்டு வேலைக்கு ஆள் சொல்லிவிடறதுக்குப் போவேன்."

"உயில் எழுதுன அன்னைக்கும் போனீங்க. மாரக்காள் வீட்டுக்குள்ள போனீங்க. அந்தம்மா படுத்திருந்த கட்டில் பக்கத்துல உக்காந்தீங்க. அவங்க டீ குடுத்தாங்க, குடிச்சீங்க. குடிச்சுட்டு, அவங்க போட்டதைப் பாத்துட்டு, நீங்களும் கையெழுத்துப் போட்டீங்க. சரிங்களா ஐயா?"

சிரிச்சுக்கிட்டே கேக்கறார். பாசமாக் கேக்கறார். பின்னால எங்க ஆளுங்க மூணு நாலு பேரு உக்காந்திருக்காங்க, மச்சான் உக்காந்திருக்கார். எனக்கு எங்க இருந்துதான் அந்த வேகம் வந்துச்சோ தெரியல.

"அதெப்படிங்க? நான் எதுக்குங்க அவ வீட்டுக்குள்ள போறேன்? நான் கேட்டைத் தாண்டவே இல்லீங்க!"ன்னுட்டேன்.

கூண்டுக்குள்ள நின்னு கத்திட்டேன். வெளிய இந்த வராண்டா வரைக்கும் கேட்டுச்சாம், மச்சான் அப்புறம் சொன்னார். சொன்னப்ப அவருக்குச் சந்தோசம்தான்.

ரங்கராஜ் வக்கீல் "அவ்வளவுதாங்க ஐயா, உக்காந்துக்குறேன்"னுட்டு உக்காந்துட்டார். கேக்கவேண்டியது எல்லாம் அந்த ஒண்ணுதான் போல.

ஜட்ஜம்மா பேனாவை வெச்சுட்டு என்னைப் பாத்தாங்க. "அவ இல்லை, அவங்க. உங்களைவிட மூத்தவங்கதானே? அவங்கன்னு சொல்லுங்க"ன்னாங்க.

"சரிங்கம்மா. பழக்க தோசமுங்க"ன்னேன்.

"ஏன் உள்ள போகல?"

இதுக்கு நான் என்ன சொல்றதுங்க? "கால்ல புண்ணுங்கம்மா. செருப்பைக் கழட்டமுடியல"ன்னு சொன்னேன். அன்னைக்கு என் கால்ல ஒரு புண்ணும் இல்ல. ஆனா அது ஒரு பொய்யா? மரியாதைக்குச் சொல்றதுங்க. மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? அந்தக் கலாமணி அங்க நிக்கறா. அவ மனசு புண்படக்கூடாதுன்னுதானே சொன்னேன்.

இதுல ஒரு வேடிக்கை கேளுங்க. நான் கேட்டைத் தாண்டலைன்னு கத்தறேன், அந்த மயில்சாமி உக்காந்து சிரிக்கறான். அவன் ஆத்தா வீட்டுக்குள்ள நான் கால் வெக்கமாட்டேன்னு கோர்ட்டுல சொல்றேன், அவனுக்குப் பல்லெல்லாம் தெரியுது. ரோசம் வேண்டாமுங்களா ஒரு மனுசனுக்கு? எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு.

அப்ப யமுனா வக்கீலம்மா எந்திரிச்சு, இன்னும் ஒரு கேள்வி இருக்குதுங்கம்மான்னு அனுமதி வாங்கினாங்க. என்னைப் பாத்துக் கேட்டாங்க. "சரி, நீங்க கேட்டுகிட்ட நின்னுதான் போட்டீங்க. அப்ப மாரக்காள் உங்ககிட்ட ஏதாவது பேசினாங்களா?"

இப்ப அந்த இடம் வந்துருச்சு. சொல்றேன்.

பேசினா.

அந்த வீட்டுக்கு முன்பக்கம் ஒரு ஜன்னலுங்க. ஜன்னலை ஒட்டித்தான் அவ கட்டில். நான் வண்டி சீட்டு மேல அட்டையை வெச்சுப் பேனாவை எடுக்கறேன், ஜன்னல்ல சத்தம் கேக்குது. படுத்தவ எப்படித்தான் எந்திரிச்சாளோ, கம்பியைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. மூஞ்சி கம்பிகிட்ட இருக்குது. சொன்னா: "நான் போட்டுட்டேன் சாமி. நீங்களும் போட்டுக் குடுத்துட்டு, செத்த நேரம் உள்ள வந்து உக்காந்துட்டுப் போங்க. வெயில்ல நிக்கறீங்களே. பேன் ஓடுது உள்ள."

அப்படியே காதுல இருக்குதுங்க. ஒரு எழுத்து மாறல.

அதுக்கப்புறம் நான் அவ பக்கம் திரும்பல. தெருமுனையில நம்ம ஆளு ஒருத்தன் சைக்கிள்ல போறாப்ல இருந்துச்சு. அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு, "இருக்கட்டும், இருக்கட்டும்"னுட்டுக் கையெழுத்துப் போட்டேன். போடற வரைக்கும் அவ ஜன்னல்லதான் இருந்தா. போட்டு முடிச்சுத் திரும்பறப்பத்தான் மறுபடி கண்ணுல பட்டா. சிரிச்சா. எனக்கு அந்த சமயத்துல கோவம்தான் வந்துச்சு, ஏன்னா தெருவுல அத்தனை சத்தமா உள்ள கூப்பிடறா.

அதைக் கோர்ட்டுல எப்படிச் சொல்றது? எங்க ஆளுங்க பின்னால உக்காந்திருக்காங்க. புண்ணுன்னு வேற சொல்லிட்டேன்.

"ஞாபகம் இல்லீங்க"ன்னேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க"ன்னாங்க ஜட்ஜம்மா.

"ஞாபகம் இல்லீங்கம்மா. வயசாயிருச்சு."

ஜட்ஜம்மா சொல்லச் சொல்ல டைப் அடிச்சாங்க. டக்கு டக்குன்னு. முடிஞ்சுது.

அதுல இருந்து மனசு சரியில்லீங்க. பஸ்ஸுல அந்தத் தெருவைத் தாண்டறப்பக் கழுத்து தானா இந்தப் பக்கம் திரும்பிக்குது. ஒரு மூட்டை தேங்காய் குடுத்து விட்டேன், நம்ம தோப்புக் காய், கலாமணி வீட்டுக்கு. அதைத் திருப்பி அனுப்பிட்டா. "ஐயாகிட்ட வேண்டாம்னு சொல்லிருங்க, இங்க சமைக்கறது எத்தனை நாளைக்குன்னு தெரியல"ன்னு சொல்லிவிட்டாளாம். நான் நல்ல மனசோடதானே குடுத்தேன்? அப்படிப் பேசலாமா?

போன மாசம் யமுனா வக்கீலம்மாவும் கலாமணியும் எங்க வீட்டுக்கே வந்துட்டாங்க. வக்கீலம்மா சேர்ல உக்காந்தாங்க. கலாமணி கேட்டுகிட்டயே நின்னுக்கிட்டா. நான் கூப்பிட்டேனுங்க, "உள்ளதான் வாயேன்"னு. "இங்கயே இருக்கறனுங்கய்யா"ன்னா. பாருங்க, நாம கூப்பிட்டாலும் அவங்க வர்றதில்ல.

வக்கீலம்மா சொன்னாங்க. "நீங்க உள்ள போகாதது ஒரு குத்தமே இல்லீங்க. நீங்க கையெழுத்துப் போடறதை அவங்க கட்டில்ல இருந்து பாத்தாங்கன்னா, அது அவங்க முன்னால போட்ட மாதிரிதான். 'நான் போட்டுட்டேன்'னு அவங்க வாயால உங்ககிட்டச் சொன்னாங்கன்னா, அவங்க போட்டதை நீங்க பாக்கவேண்டியதுகூட இல்ல. உள்ள போயித்தான் போடணும்னு சட்டம் சொல்லவே இல்ல."

எனக்கு ஒரு பக்கம் நிம்மதியாக்கூட இருந்துச்சு. சட்டம் நம்மளைப் பத்தி நல்லாத்தான் யோசிச்சு வெச்சிருக்குன்னு.

"கலாமணி உள்ள இருந்திருக்கா, மாரக்காள் ஜன்னல்ல இருந்து பேசினதைக் கேட்டிருக்கா. ஆனா வீடு அவளுக்குப் போகுது, அவ சொன்னா எடுபடாது. நீங்க சொல்லணும்"னாங்க.

"ஞாபகம் இல்லீங்களே அம்மா"ன்னு நான் வாயைத் தொறக்கறேன், எங்க வீட்டுக்காரி டீத் தட்டோட வந்தா. வந்தவ தட்டை வெச்சுட்டுப் போகவேண்டியதுதானே?

"என்னங்க, ஞாபகம் இல்லைங்கறீங்க? அன்னைக்கு வந்து சட்டையைக் கழட்டறதுக்கு முந்தியே சொன்னீங்களே! 'அந்தப் பொம்பளைக்கு எத்தனை தைரியம் பாரு, ஜன்னல்ல இருந்துக்கிட்டு என்னைப் போயி உள்ள வா, பேன் ஓடுதுங்கறா'ன்னு? ஒரு வாரம் சொல்லிச் சொல்லிக் குதிச்சீங்க?"

வக்கீலம்மா என்னைப் பாத்தாங்க. கேட்டுகிட்ட நின்ன கலாமணி பாக்கல. தரையைப் பாத்துக்கிட்டு இருந்தா.

"ஆமா, ஆமா, இப்ப ஞாபகம் வருது"ன்னேன்.

"இதையே வந்து சொல்லுங்க, போதும். உங்க பேருக்கு ஒரு கெடுதலும் வராது"ன்னுட்டு, கோர்ட்டுல மனுப் போட்டு, என்னைத் திரும்பக் கூப்பிட அனுமதி வாங்கிட்டாங்க. நான் வர்றேன்னு ஒத்துக்கிட்டேன். ஒத்துக்கிட்டு வந்துட்டேனா இல்லையா? வராம இருந்துட்டேனா? அதைப் பாக்கணும் நீங்க.

வர்ற வழியெல்லாம் மச்சான் ஒரே பிடிவாதம். பஸ்ஸுல பக்கத்துல உக்காந்து காதுக்குள்ளயே பேசறார்.

"மாப்ளே, நீ அவ வீட்டுக்குப் போகலைன்னு சொன்னது ஊருக்கே கௌரவம். இப்பப் போயி அவ உன்னை உள்ள கூப்பிட்டான்னு சொன்னீனா என்ன அர்த்தம்? கூப்பிடற அளவுக்கு நீ பழக்கம் வெச்சிருக்கேன்னு அர்த்தம். முன்னப் பின்ன வந்து போகாதவனை எவளாச்சும் 'உக்காந்துட்டுப் போங்க, பேன் ஓடுது'ம்பாளா?"

"அவ எங்கம்மாவுக்கு..."ன்னு நான் ஆரம்பிச்சேன்.

"அந்தக் கதையை அங்க எடுத்து விட்டுறாதே. பெரியாத்தா அவ கையால தண்ணி குடிச்சதெல்லாம் கோர்ட்டுல டைப் அடிச்சு வெச்சுருவாங்க. ஊர்ல கோவில் நோம்பி வருது. நீ கமிட்டியில தலைவரா நிக்கறதா வேண்டாமா?"

"அவளுக்கு வீடு போயிருமே மச்சான்."

"அவ புருசன் வீடுதானே? அவனோட சமாதானமாப் போயிரட்டும். கட்டுனவளை விட்டுருவானா?"

விட்டுட்டுத்தானே போனான். அதைச் சொல்லணும்னு எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. பஸ்ஸுல பக்கத்துல ஆளுங்க.

நீங்க என்ன நினைக்கறீங்க? இல்ல, சும்மா சொல்லுங்க. நீங்க மூணாம் மனுசன். சொன்னாத்தான் சரிங்களா? ஆமாங்க, எனக்கும் அப்படித்தான் படுது. சொல்லிறணும்னுதான் நேத்து சாமி கும்பிட்டேன். கூண்டுல ஏறுனதும் வேற எதையும் பாக்காம, மச்சானைத் திரும்பிப் பாக்காம, ஜட்ஜம்மா மூஞ்சியை மட்டும் பாத்துக்கிட்டு, "ஆமாங்கம்மா, ஜன்னல்ல இருந்து கூப்பிட்டாங்க, நான் போடறதைப் பாத்தாங்க"ன்னு சொல்லிட்டு இறங்கிறணும். 'அவங்க'ன்னு சொல்லணும். அதைக்கூடப் பழகி வெச்சிருக்கேன். கூப்பிட்டாங்க. பாத்தாங்க. சொன்னாங்க. பாருங்க, வருதில்ல?

அதோ நிக்கறா பாருங்க கலாமணி. கோர்ட்டு வாசல்ல, பச்சைச் சேலை. வக்கீலம்மாகூட உள்ள போறா. காலையில என்னைப் பாத்தா. கும்பிட்டா. ஒண்ணும் கேக்கல. ஒரு வார்த்தை திட்டியிருந்தான்னா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும். அவளுக்கு அது தெரியல.

இருங்க. டவாலி வெளிய வர்றான். யாரையோ கூப்பிடறான்.

என் பேருதானுங்க.

கேட்டுச்சுங்க, கேட்டுச்சு. போறேன். மச்சான் இன்னும் வரல. அவர் வந்துட்டார்னா சொல்லிட்டுப் போயிரலாம். சொல்லாமப் போனா நல்லா இருக்காது, கூட வந்த மனுசன். இல்லீங்க, அவருக்குப் பயந்துக்கிட்டு இல்ல. அவர் இல்லாதப்பவே போயிச் சொல்லிறலாம்தான். அவர் இப்ப இல்லதான்.

ரெண்டாவது தடவை கூப்பிடறான். சத்தம் பெரிய சத்தம் அவனுக்கு.

எந்திரிக்கத்தானுங்க பாக்கறேன். முட்டி பிடிச்சுக்கிச்சு. இந்த பெஞ்சு ஆடுது வேற. நீங்க கையைக் குடுக்கவேண்டாம், இருக்கட்டும், இருக்கட்டும். செத்த பொறுங்க. வாய்தா இன்னொண்ணு குடுப்பாங்க, குடுக்காமயா போயிருவாங்க? கோர்ட்டுல எத்தனை கேசு எத்தனை வருசம் ஓடுது. உங்க வரப்புக் கேசே எத்தனை வருசமா நடக்குது, சொல்லுங்க?

வக்கீலம்மா வெளிய வந்துட்டாங்க. இந்தப் பக்கம்தான் பாக்கறாங்க. என்னைத்தான் தேடறாங்க.

ஏனுங்க, கொஞ்சம் இப்படி முன்னால தள்ளி உக்காருங்க. இன்னும் கொஞ்சம். ஆங், அப்படித்தான். துண்டை விரிச்சு உதறுங்க, உதறுற மாதிரி. இந்தப் பக்கம் வந்தாங்கன்னா, உங்களைத்தான் கேப்பாங்க. இங்க ஒருத்தர் உக்காந்திருந்தாரான்னு கேப்பாங்க. நீங்க யாரையும் பாக்கலைன்னு சொல்லிருங்க. ஒரு வார்த்தைதானுங்களே.